முகவரி தெரியாத கோடுகள்

நம் இயற்பியல் லேபில் ஸ்பெக்ட்ரோமீட்டரைத் தொடாதவர் இல்லை. சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியில் 5890, 5896 ஆங்ஸ்ட்ராமில் இரண்டு கோடுகள் இருக்கும். அதே சோடியம் குளிர்ந்த வாயுவாக வெள்ளை ஒளிக்குக் குறுக்கே நின்றால், அதே இடத்தில் இருண்ட கோடுகள் விழும். இதுதான் உட்கவர் நிறமாலை. ஒவ்வொரு தனிமத்துக்கும் தனிக்கோடுகள்.

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதை அம்மாவிடம் சொன்னபோது, "சட்டையில இருக்கிற கறையப் பாத்தே என்ன கொழம்புன்னு நான் சொல்றேன்ல, அந்த மாதிரிதானடா?" என்றார். அதேதான்!

ஆனால், எந்தக் குழம்பு என்றே தெரியாத கறைகளும் விண்வெளியில் உண்டு.

அமெரிக்காவின் லிக் வானாய்வகத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த மேரி லீ ஹெகர், நட்சத்திர ஒளியில் 5780, 5797 ஆங்ஸ்ட்ராமில் இரண்டு பட்டைகளைக் கண்டு 1922-ல் வெளியிட்டார். அறிந்த எந்தப் பொருளோடும் அவை பொருந்தவில்லை. 1930-களில் பால் மெரில் ஒரு விஷயத்தைக் காட்டினார். இரட்டை நட்சத்திரங்கள் சுற்றும்போது அவற்றின் சொந்தக் கோடுகள் இடம் மாறும்; இந்தப் பட்டைகளோ அசையவில்லை. ஆகவே இவற்றை உண்டாக்குவது நட்சத்திரம் அல்ல, இடைவெளியில் பரவிய பொருள். இன்று இப்படி 500-க்கும் மேற்பட்ட பட்டைகள் தெரியும்.

நம் பால்வெளியில் மட்டுமா? ஏஓ 0235+164 என்ற தொலைதூர ஒளிமூலத்தின் ஒளி, வழியில் ஒரு கேலக்ஸியைக் கடந்து வருகிறது. அந்த கேலக்ஸியின் சிவப்புப் பெயர்ச்சி 0.524. எனவே 4428-ல் இருக்கவேண்டிய பட்டை, 4428 × 1.524 = சுமார் 6748 ஆங்ஸ்ட்ராமில் வரவேண்டும். 2004-ல் அங்கேயே அதன் தடயம் கிடைத்தது! 500 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அங்கும் அதே பொருள்.

அது என்ன? தனி அணுவின் கோடு கூர்மையாக விழும், இவை அகலமானவை. அதனால் பெரிய கார்பன் மூலக்கூறுகள் மேல் சந்தேகம். 60 கார்பன் அணுக்கள் கால்பந்து போலச் சேர்ந்த மூலக்கூறு, ஓர் எலக்ட்ரானை இழந்த நிலையில், 9577, 9632 ஆங்ஸ்ட்ராம் பட்டைகளுக்குக் காரணமாகலாம் என்று 1994-ல் கூறப்பட்டது. விண்வெளிக் குளிரை லேபில் உண்டாக்குவது லேசான வேலையா? 2015-ல்தான் சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் அதைச் சுமார் மைனஸ் 267 டிகிரி செல்சியசுக்குக் குளிர்வித்து அளந்தார்கள். எண்கள் பொருந்தின!

ஹெகர் கண்ட இரண்டும் இன்னும் பெயரில்லாமலே இருக்கின்றன. பெயர் தெரியாதபோதும் அவர் அளந்து எழுதி வைத்தார். நண்பர்களே, ரெக்கார்டில் பொருந்தாத ரீடிங் வந்தால் ரப்பரைத் தேடாதீர்கள். மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் அதே எண் வந்தால், அப்படியே எழுதுங்கள்.

- இரண்டாம் ஆண்டு, மின்னணுவியல்