தண்ணீர் இல்லாமல் கல்லைத் தொடாதே

தங்கச்சி, கல் அறுத்து மெருகேற்றி உன் கையாலேயே ஒரு பதக்கம் செய்ய ஆசை என்றாய். அதற்கு நம் தருமபுரி மாவட்டத்தை விட்டு எங்கும் போக வேண்டாம். கறுப்பு கிரானைட், வெங்கச்சங்கல், ஒகேனக்கல் பக்கத்துச் சார்னோகைட் எல்லாம் இங்கேயே உண்டு. புதிய கற்கால மக்கள் இந்த வட்டாரத்துக் கருங்கல்லைத் தேய்த்துத்தான் வழவழப்பான கற்கோடரி செய்தார்கள். வயலில் கிடைத்த அந்தக் கோடரிகளைச் சில ஊர்களில் இன்றும் கோயிலில் வைத்துக் கும்பிடுகிறார்கள். பாறையும் மணலும் தண்ணீரும்தான் அவர்களுடைய பட்டறை. எந்த மெஷின் வாங்கலாம் என்ற கேள்விக்கு முன் தண்ணீருக்கு வழி செய். மூச்சையும் பிளேடையும் கல்லையும் காப்பாற்றுவது அதுதான்.

1. தூசி கிளம்பக் கூடாது

வெங்கச்சங்கல் முழுக்கச் சிலிக்கா. கிரானைட்டிலும் சார்னோகைட்டிலும் அது இருக்கிறது. உலர்ந்த கல்லை அறுத்தால் கிளம்பும் நுண்தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாகிவிடும். அந்தச் சிலிக்கோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்து கிடையாது. குஜராத்தின் கம்பாத்தில் அகேட் கல் தீட்டும் குடும்பங்கள் பல இந்த நோயால் துன்பப்படுகின்றன. கல்லில் எப்போதும் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கட்டும். துப்பட்டாவும் கைக்குட்டையும் இந்தத் தூசியைத் தடுக்காது. ஈரத்தில் வேலை செய்தாலும் என்-95 மாஸ்க் போடு. வேலை முடிந்ததும் பெருக்காதே, ஈரத்துணியால் துடைத்தெடு.

2. கல்லை எங்கே எடுப்பது

கிரானைட் பாலீஷ் பட்டறைகளில் ஓரத் துண்டுகள் குவிந்து கிடக்கும். உரிமையாளரைக் கேட்டு எடுத்துக்கொள். ஏற்கெனவே பலகையாக அறுத்த துண்டு என்பதால் பாதி வேலை மிச்சம். ஒகேனக்கல் காட்டுக்குள் ஒரு கூழாங்கல்லைக் கூட எடுக்காதே. காப்புக்காட்டில் கல் எடுப்பது குற்றம். நடுகல், கல்வட்டம், பழைய கற்கோடரி எதைக் கண்டாலும் கை வைக்காமல் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல். நம் ஊர் நடுகற்களைப் பார்க்க ஆசையிருந்தால் தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போய் வா.

3. கல்லின் கடினம் தெரிந்துகொள்

கத்தி முனையால் கீறிப் பார். கீறல் விழுந்தால் மென்மையான கல். ஒகேனக்கல் பக்கத்துக் கார்பனடைட் அப்படித்தான், மோஸ் கடின அளவில் ஏறக்குறைய 3. வெங்கச்சங்கல் 7, கத்திக்கு அசையாது. பாப்பாரப்பட்டிப் பக்கத்துக் குருந்தக்கல் 9. அதை வைரப் பொடியால்தான் ஒழுங்காகத் தேய்க்க முடியும். தொடக்கத்தில் அது வேண்டாம். அப்ரகம் மினுங்கும் கல்லையும் தள்ளி வை. அப்ரகம் முதலில் உதிர்ந்து மேற்பரப்பில் குழி விழும். பொடி மணியான கறுப்பு கிரானைட்தான் பழகுவதற்கு ஏற்றது.

4. என்ன வாங்கலாம்

கையில் பிடிக்கும் நாலு அங்குல மார்பிள் கட்டர் வேண்டாம். அது அசுர வேகத்தில் சுற்றும், சிறு கல்லைப் பிடித்துக்கொள்ளவும் வழியில்லை. மேஜையும் அடியில் தண்ணீர்த் தொட்டியும் உள்ள டைல்ஸ் கட்டர் போதும். பிளேடு விளிம்பில் வெட்டு இல்லாத, முழு வட்ட டைமண்ட் பிளேடாகக் கேள். கல்லின் விளிம்பு சில்லு சில்லாகப் பெயராது. கல்லை அழுத்தித் தள்ளாதே, அது போகிற வேகத்தில் விடு. பிளேடு மழுங்கினால் பழைய செங்கல்லில் இரண்டு மூன்று முறை அறு. புதைந்த வைரத் துணுக்கு வெளியே வரும்.

5. நம்பர் தாண்டாதே

மெருகின் ரகசியம் வரிசைதான். தடித்த கண்ணாடிப் பலகையில் கார்போரண்டம் பொடியும் கொஞ்சம் தண்ணீரும் விட்டு, எட்டுப் போடுவதுபோலக் கல்லைத் தேய். 220, 400, 600 என்று போ. பிறகு கிரானைட்காரர்கள் வைத்திருக்கும் டைமண்ட் பாலீஷ் பேடில் 800, 1500, 3000. ஒவ்வொரு நம்பரும் முடிந்ததும் கல்லையும் கையையும் நகக்கண்ணையும் கழுவு. முந்தைய பொடி ஒரு துளி ஒட்டியிருந்தாலும் புதுக் கீறல் விழும். ஈரக் கல் எப்போதும் பளபளக்கும், அதை நம்பாதே. துடைத்துக் காயவைத்து விளக்கடியில் சாய்த்துப் பார். பழைய கீறல் ஒன்று தெரிந்தாலும் அடுத்த நம்பருக்குப் போகாதே. வெங்கச்சங்கல்லுக்குக் கடைசியில் தோல் துண்டில் சீரியம் ஆக்சைடு தடவித் தேய்த்தால் கண்ணாடி மெருகு வரும்.

6. குமிழ் வடிவம் வேண்டுமானால்

ஐந்தாறு மில்லிமீட்டர் தடிமன் பலகையில் வடிவத்தை வரைந்து, ஓரத்தை அறுத்து எடு. அரக்கை உருக்கி ஒரு குச்சி நுனியில் கல்லை ஒட்டு. விரல் தேயாது, கல்லும் சீராகத் திரும்பும். கல்லையும் இளஞ்சூடாக்கி ஒட்டு; குளிர்ந்த கல்லில் அரக்கு பிடிக்காது.

7. கரண்டும் உடுப்பும்

தண்ணீரும் மின்சாரமும் ஒரே மேஜையில் இருக்கின்றன. மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மாட்டாமல் ஸ்விட்ச் போடாதே. ஒயரில் வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் கீழேயே சொட்ட, ஒயர் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து வரட்டும். ரப்பர் செருப்பு போடு. முடியைக் கொண்டை போடு, வளையலைக் கழற்று, துப்பட்டாவை எடுத்து வை. சுற்றும் பிளேடு அருகே கையுறை வேண்டாம். சிக்கினால் கையையே இழுத்துவிடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

8. சேற்றைச் சாக்கடையில் ஊற்றாதே

கல்சேறு குழாயில் இறுகினால் சிமென்ட்தான். வாளியில் ஓர் இரவு தெளியவிட்டு, மேல்நீரை மறுபடி பயன்படுத்து. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்ததால் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த மாவட்டம் இது. அந்தக் குடிநீரைக் கல்லுக்கு ஊற்றக் கூடாது. போர்த் தண்ணீரே போதும். அதன் உப்பு படியாமல் மெஷினைத் துடைத்து வை.

இந்த மாதம் மெஷின் வாங்காதே. ஒரு கறுப்பு கிரானைட் துண்டு, கண்ணாடிப் பலகை, மூன்று நம்பர் பொடி, மூன்று பாலீஷ் பேடு, ஒரு வாளித் தண்ணீர். ஒரே ஒரு பக்கத்தை உன் முகம் தெரியும்வரை கையால் மெருகேற்று. அந்தப் பொறுமை உனக்குப் பிடித்துப்போனால் பிறகு கட்டர் வாங்கு. எது வாங்கலாம் என்று நானே கூட வந்து பார்த்துத் தருகிறேன்.