மாட்டுவண்டி போனபின் தர்மம் யாருக்கு?

கேள்வி: பூந்தமல்லி சாலையோரம் வண்டிமாடுகளுக்குத் தண்ணீர்த்தொட்டி வைக்க எங்கள் கொள்ளுத்தாத்தா நிலம் எழுதிவைத்தார். இப்போது வண்டியே இல்லை. நாங்கள் பங்கு போட்டுக்கொள்ளலாமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: ஆசை புரிகிறது, ஆனால் கூடாது. பொதுத் தர்மமாக நடந்துவந்த சொத்து, நோக்கம் காலாவதியானாலும் பொதுவாக வாரிசுகளிடம் திரும்பாது. எழுதியவர் மனத்துக்கு மிக நெருங்கிய வேறு காரியத்துக்கு நீதிமன்றம் அதைத் திருப்பிவிடும். உங்கள் விஷயத்தில் கால்நடை மருத்துவமோ, வழிப்போக்கர்களுக்குக் குடிநீரோ ஆகலாம்.

பச்சையப்ப முதலியாரைப் பாருங்கள். 1794இல் காலமானவர், உயிலில் கோயில் தர்மங்களுக்குப் பெரும்பணம் வைத்தார். அது பல கைகளில் சிக்கி, வழக்காகி, சென்னை சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. தர்மங்கள் போக மிஞ்சியதைக் கல்விக்குத் திருப்பினார்கள். 1842இல் பள்ளி பிறந்தது. அதுதான் வளர்ந்து இன்று சேத்துப்பட்டில் நிற்கும் கல்லூரி. அங்கே நோக்கம் சாகவில்லை, பணம் மிஞ்சியது. உங்கள் தொட்டிக்கோ நோக்கமே போய்விட்டது.

வழி: உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92ஆம் பிரிவு. தர்மத்தில் அக்கறையுள்ள இருவராவது நீதிமன்ற அனுமதி பெற்று, புதிய திட்டம் கேட்டு வழக்கிடலாம்; அட்வகேட் ஜெனரலும் தொடுக்கலாம். கோயில் கட்டளையென்றால் அறநிலையத் துறையின் வழி தனி. மூலப் பத்திரத்தோடு முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள். அதுவரை நிலத்துக்கு முன்பணம் வாங்கிவிடாதீர்கள்.