இரண்டாம் முறை தொட்ட கரம்

வேதபாடம்: மாற்கு 8:22-26



நமது பல் மருத்துவப் பிரிவில் ஆழமான சொத்தையை அடைத்துக்கொண்ட ஒரு தாயார், வீடு திரும்புமுன் ஜெபத்துக்காகச் சிற்றாலயத்துக்கு வந்தார்கள். "சொத்தை நரம்புக்குக் கிட்டே போய்விட்டதாம் ஐயா. வலி நிற்காவிட்டால் வேர் சிகிச்சை செய்யவேண்டியிருக்கும் என்று டாக்டர் அம்மா சொல்கிறார்கள். அதை நினைத்தாலே பயமாயிருக்கிறது" என்றார்கள். நான் ஜெபித்து, "ஒன்றும் வராது, விசுவாசமாயிருங்கள் அம்மா" என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து, கன்னம் வீங்கிக் காய்ச்சலோடு வந்தார்கள். பத்து நாளாகத் தூக்கமில்லாத வலி. "ஏன் முன்னமே வரவில்லை?" என்று கேட்டேன். "வலிக்கிறது என்று சொன்னால் விசுவாசம் இல்லை என்று ஆகிவிடுமே ஐயா" என்றார்கள். நான் ஆறுதலாகச் சொன்ன வார்த்தையே அவர்கள் வாயை அடைத்துவிட்டது என்று அன்று உணர்ந்து வெட்கப்பட்டேன்.

அன்றிரவு மாற்கு 8-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். பெத்சாயிதாவின் குருடனை ஆண்டவர் ஊருக்கு வெளியே அழைத்துச்சென்று தொட்ட இந்தச் சம்பவத்தை மாற்கு மாத்திரமே எழுதியிருக்கிறார். தொட்ட பின்பு, ஏதாவது தெரிகிறதா என்று ஆண்டவரே கேட்கிறார். அவனோ, மனிதர் அசைவது தெரிந்தாலும் மரங்கள் போலத்தான் இருக்கிறார்கள் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுகிறான். ஆண்டவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. மறுபடியும் கை வைத்தார். அவன் தெளிவாய்க் கண்டான்.

இதில் நமக்கு மூன்று பாடங்கள் உண்டு.

முதலாவது, இரண்டாம் சிகிச்சை தேவைப்படுவது தோல்வி அல்ல. பல்லின் வெளிப்புறம் எனாமல், அதனுள் டென்டின், நடுவில் நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள கூழ். சொத்தை ஆழமாகும்போது கூழ் புண்படுகிறது. அடைத்தபின் அநேகப் பற்களில் கூழ் தானே தேறிக்கொள்ளும். உட்புறத்தில் புதிய டென்டின் படலத்தையும் உண்டாக்கிக்கொள்ளும். சில பற்களில் அது தேறுவதில்லை. எந்தப் பல் தேறும் என்று அன்றைக்கே நிச்சயமாகச் சொல்லுவது கடினம். ஆகவேதான் மருத்துவர் பொறுத்துப் பார்க்கிறார்.

இரண்டாவது, உள்ளதைச் சொல்லவேண்டும். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுரீரென்று கூசி உடனே அடங்கினால், பெரும்பாலும் சில நாட்களில், அல்லது சில வாரங்களில் சரியாகும். கடிக்கும்போது மாத்திரம் வலித்தால் அடைப்பு சற்று உயரமாயிருக்கலாம். அதைத் தேய்த்துச் சரிசெய்வது சுலபம். ஆனால் சூடு பட்டு வலி நெடுநேரம் நின்றாலும், காரணமின்றித் தானே வலித்தாலும், இரவில் தூக்கத்தைக் கெடுத்தாலும் தாமதிக்கவேண்டாம். வீக்கம், காய்ச்சல், வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு வரவேண்டும். பல்லின் சீழ் கழுத்துவரை பரவி உயிருக்கே ஆபத்தாகலாம்.

மூன்றாவது, நாளைய தினத்தின் பாரத்தை இன்றே சுமக்கவேண்டாம். மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் இதைப் போதித்தார். கவலைப்படாதிருப்பது வேறு, கவனியாதிருப்பது வேறு. வலியைக் கவனித்து, மருத்துவரிடம் சொல்லிவிட்டு, மீதியை ஆண்டவரிடம் விட்டுவிடுவதே விசுவாசம்.

அந்தத் தாயாருக்குச் சீழை வெளியேற்றி, மருந்து கொடுத்து, வேர் சிகிச்சை செய்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, கெட்டுப்போன கூழை அகற்றி, வேரின் உட்குழாய்களைச் சுத்தம்செய்து அடைத்து, பல்லுக்கு உறை போட்டார்கள். "இதற்கா இத்தனை நாள் பயந்தேன்!" என்று சிரித்தார்கள். பல் காப்பாற்றப்பட்டது. நானும் என் தவற்றை அவர்களிடம் அறிக்கையிட்டேன். இப்போது ஜெபித்து முடித்ததும், "வலித்தால் உடனே வாருங்கள்" என்று சொல்லியே அனுப்புகிறேன்.

அன்பானவர்களே, பயத்தினால் மாத்திரமல்ல, பஸ் செலவுக்கும் ஒரு நாள் கூலிக்கும் வழியில்லாமலும் இரண்டாம் முறை வராதிருக்கும் ஏழைகள் அநேகர். உங்கள் காணிக்கை அவர்கள் மறுபடியும் வந்து சுகம்பெற உதவுகிறது. அவர்களுக்காகவும், எங்கள் மருத்துவர்களுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

ஜெபம்: ஒருமுறை தொட்டு எங்களைக் கைவிடாத ஆண்டவரே, எங்கள் வலியை மறைக்காமல் சொல்லவும், உமது இரண்டாம் தொடுதலுக்குப் பயமின்றிக் காத்திருக்கவும் கிருபை தாரும். ஆமென்.

– மருத்துவமனைப் போதகர்