முதல் விவாகத்தை மறைத்துக் கடல் தாண்டலாமா?



நமது தர்மபுரி ஜில்லாவிலிருந்து பிழைப்புத் தேடிப் பெங்களூருக்குப் போனவர்களை நம் பெரியவர்கள் கண்டிருக்கிறார்கள். இந்நாளிலோ நம் பிள்ளைகள் சிங்கப்பூர், மலேசியா, கனடா, அமெரிக்கா என்று கடல் தாண்டிப் போகிறார்கள். பாஸ்போர்ட்டையும் படிப்புச் சான்றிதழையும் பத்திரமாக எடுத்து வைக்கிறார்கள். ஆனால் அங்கே குடியேற எழுதும் மனுவில் ஒரு கேள்வி இருக்கும்: "உமக்கு இதற்கு முன் விவாகம் ஆனதுண்டா?" அந்தக் கேள்விக்குப் பொய் சொன்னால் என்ன விளையும் என்பதே இந்த வாரத்துப் பாடம்.

முதலில் ஒரு பழைய சரித்திரத்தைக் கேளுங்கள். தென்னாப்பிரிக்காவில் குடியிருந்த ஓர் இந்திய முஸ்லிம், ஊரிலிருந்து தம் மனைவியை அழைத்துக்கொண்டார். பலதார மணத்துக்கு இடந்தரும் முறைப்படி நடந்த விவாகத்தைக் குடியேற்றச் சட்டம் ஏற்காது என்று 1913-ஆம் வருஷம் மார்ச்சு 14-ந் தேதி நீதிபதி ஸெர்ல் தீர்ப்பளித்தார். அந்த அம்மாளுக்கு இடமில்லை என்றாயிற்று. ஒரே மனைவியோடு உண்மையாய் வாழ்ந்த இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள் எல்லாருடைய வீட்டிலும் இது இடியாக விழுந்தது. மனைவி என்ற பெயரையே சட்டம் பறித்துக்கொண்டதல்லவா? அதுவரை வீட்டிலிருந்த பெண்கள் காந்தியடிகளின் போராட்டத்தில் இறங்கினார்கள். தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளரைத் திரட்டிச் சிறை புகுந்தார்கள். தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை சிறையில் கண்ட காய்ச்சலால், வெளியே வந்த சில நாளில், 1914 பிப்ரவரி 22-ந் தேதி, பதினாறு வயதில் உயிர் நீத்தாள். அவ்வருஷமே இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. ஒருவருக்கு ஒரு மனைவி என்ற அளவில் அந்த விவாகங்கள் ஏற்கப்பட்டன.

ஒரு மனைவியின் பெயர் ஏட்டில் ஏறுவதற்காக நம் பெண்கள் அன்று சிறை சென்றார்கள். இன்று நம்மில் ஒருவன் ஊரிலுள்ள மனைவியின் பெயரைத் தன் கையாலேயே அழித்துவிட்டு விமானம் ஏறலாமா?

வினா: மற்றத் தேசங்களின் சட்டம் என்ன சொல்கிறது?

விடை: அமெரிக்கா 1891-லேயே பலதாரக்காரர் குடியேறுவதைத் தடுத்தது. இன்றும் பிரஜாவுரிமை மனுவில், ஒரே காலத்தில் ஒருவருக்கு மேல் மணந்ததுண்டா என்று கேட்கிறது. கனடா 2015-ஆம் வருஷத்துச் சட்டத்தால் பலதார மணத்தைக் குடியேற்றத் தடைக்குக் காரணமாக்கிற்று. சிங்கப்பூரில் 1961-ஆம் வருஷத்து மாதர் சாசனமும், மலேசியாவில் 1982 முதல் அமலிலுள்ள விவாகச் சட்டமும் முஸ்லிம் அல்லாதவர்க்கு ஒரு தாரமே என்கின்றன.

வினா: நம் நாட்டில்?

விடை: 1872-ஆம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவ விவாகச் சட்டமும் அதையே சொல்கிறது. முதல் துணை உயிரோடிருக்க, அந்த விவாகம் சட்டப்படி நீங்காமல் மறுபடி மணந்தால் அது செல்லாது, குற்றமும் ஆகும். 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 82-ஆம் பிரிவு இதற்கு ஏழு வருஷம் வரை சிறை விதிக்கிறது. முதல் விவாகத்தை மறைத்து மணந்தால் பத்து வருஷம் வரை.

வினா: "எங்கள் விவாகம் செல்லாது என்று மேற்றிராசன நீதிமன்றமே சொல்லிவிட்டது. அது போதாதா?"

விடை: போதாது. இங்கேதான் நல்ல மனசுள்ளவர்களும் தவறிப்போகிறார்கள். திருச்சபைத் தீர்ப்பு கோவிலில் மறுவிவாகத்துக்கு வழி திறக்கும். சர்க்கார் ஏட்டிலோ முதல் விவாகம் அப்படியே நிற்கும். நம் உச்ச நீதிமன்றம் 1996-லும் 2017-லும் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. 1869-ஆம் வருஷத்துச் சட்டப்படி கோர்ட்டிலும் தீர்ப்புப் பெறவேண்டும். இல்லையேல் கோவிலில் மணந்தவரும் சட்டத்தின் முன் இரு தாரக்காரரே. விசா அதிகாரியும் அப்படியே எண்ணுவார்.

வினா: கோர்ட்டில் விவாகரத்துப் பெற்றவர் கோவிலில் மணக்கலாமா?

விடை: கூடாது. கோர்ட்டுத் தீர்ப்பு மெய்விவாகத்தின் கட்டை அவிழ்ப்பதில்லை. ஆகையால் இரண்டு இடத்துத் தீர்ப்பும் வேண்டும்.

வினா: "எங்கோ தூரதேசத்தில் யாருக்குத் தெரியப்போகிறது?"

விடை: ஊரிலுள்ள குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் உண்டு. குடும்ப அட்டையில் பெயர் உண்டு. பழைய பாஸ்போர்ட்டில் மனைவி பெயர் உண்டு. கோவிலில் ஞானஸ்நானப் புத்தகத்தின் ஓரத்தில் விவாகக் குறிப்பு உண்டு. இவற்றில் ஒன்று போதும். அமெரிக்கப் பிரஜையை மணந்து அங்கே குடியிருப்பவர் மூன்று வருஷத்தில் பிரஜாவுரிமை கேட்கலாம். ஆனால் முதல் விவாகம் நீங்காதிருந்தால் அந்த இரண்டாம் விவாகமே செல்லாது. அதைக் காட்டிப் பெற்ற குடியுரிமையையும் பிற்பாடு நீக்கலாம். நம் நாட்டிலும், பொய் சொல்லிப் பதிவுமூலம் பெற்ற பிரஜாவுரிமையைப் பறிக்க 1955-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு இடந்தருகிறது.

வினா: கணவர் போய்ப் பல வருஷமாகிச் செய்தியே இல்லாவிட்டால்?

விடை: ஏழு வருஷம் உயிரோடிருப்பதாகவே கேள்விப்படாமல், அந்த உண்மையைப் புதியவரிடமும் சொல்லி மணந்தவரைக் குற்றச்சட்டம் தண்டிப்பதில்லை. திருச்சபையிலோ வருஷக்கணக்கு மாத்திரம் போதாது. அவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்று மேற்றிராணியார் தீர்மானம் தரவேண்டும்.

பெற்றோரே, வெளிநாட்டு மாப்பிள்ளை என்றதும் மயங்கிவிடாதீர்கள். விவாக ஓலை வாசிப்பது வெறும் சடங்கல்ல. தடை தெரிந்தவர் சொல்வதற்காகவே வாசிக்கிறோம். மாப்பிள்ளையின் ஞானஸ்நானச் சான்றிதழைப் புதிதாக எடுத்து வரச் சொல்லுங்கள். முன்பு மணந்தவரானால் கோர்ட்டுத் தீர்ப்பின் நகலையும் கேளுங்கள். உங்கள் வீட்டு விவாகத்தை 2009-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டப்படி தொண்ணூறு நாளுக்குள் பதியுங்கள். பதியாமற் போனதால் மட்டும் விவாகம் இல்லையென்றாகாது. ஆனால் கைவிடப்பட்டவள் தன் உரிமையைக் காட்ட அந்தக் காகிதமே அவளுக்குத் துணை.

மனுவில் உண்மையை எழுதினால் பிரயாணம் சில மாதம் தாமதப்படலாம். பொய் எழுதினால் இரண்டு பெண்களின் வாழ்வும், ஒரு பாவமும் அறியாத குழந்தைகளின் பெயரும் கெடும்.

இன்றிரவு வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்:

1. நம் வீட்டு விவாகங்கள் எல்லாம் கோவில் புத்தகத்திலும் சர்க்கார் ஏட்டிலும் ஏறியிருக்கின்றனவா?

2. திருச்சபைத் தீர்ப்புக்கும் கோர்ட்டுத் தீர்ப்புக்கும் உள்ள வித்தியாசத்தை நம் பிள்ளைகள் அறிவார்களா?

3. கணவன் கைவிட்டுப்போன ஒரு பெண் நம் தெருவில் இருந்தால், அவளைப் பங்குச் சுவாமியாரிடமும் வக்கீலிடமும் அழைத்துப்போக நம்மில் யார் முன்வருவோம்?