பெற்றோர் கூட்டத்திற்கு முந்தைய வாரம்

குன்னம் வட்டாரத்தில் பணியாற்றும் நான், பெற்றோர் கூட்டம் என்றால் மதிப்பெண் பட்டியலில் கையெழுத்து வாங்குவதுதான் என்று பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். அப்படி ஒரு கூட்டத்தில், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாயிடம், “கணக்குல பதினெட்டு மார்க்தாம்மா. வாரத்துக்கு ரெண்டு நாள் லீவு வேற” என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன். அவர் கைநாட்டு வைத்துவிட்டுப் போனார். அடுத்த இரண்டு கூட்டங்களுக்கு வரவில்லை.

ஒரு மாலை அவர் வீட்டுக்குச் சென்றேன். “ஒரு நாள் கூலிய விட்டுட்டு வந்தேன் சார். எல்லார் முன்னாடியும் தலைகுனிய வேண்டியதாப் போச்சு” என்றார். பருத்தி எடுக்கும் நாள்களில் இரண்டு வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்ள மகளை வீட்டில் நிறுத்தியிருக்கிறார். எடுக்கும் பருத்திக்குக் கிலோ கணக்கில் கூலி. அக்கம்பக்கத்துப் பெண்களின் கூலியையெல்லாம் மனக்கணக்காகக் கூட்டிச் சொல்பவள் அந்த மாணவிதான்! இரண்டும் நான் அறியாதவை. கூட்டத்தில் நான் சொன்னேனே தவிர, எதையும் கேட்கவில்லை.

சட்டம் சொல்வது

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 24, பெற்றோரை முறையாகச் சந்தித்துக் குழந்தையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பதை ஆசிரியரின் கடமையாகக் கூறுகிறது. பிரிவு 21, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. பெற்றோரைக் குற்றம் கேட்க வருபவர்களாக அல்ல, பள்ளியை நடத்தும் பங்காளிகளாகவே சட்டம் பார்க்கிறது.

என் தயாரிப்பு

1. நாளும் நேரமும்: பருத்தி எடுப்பு, சின்ன வெங்காய அறுவடை, நூறு நாள் வேலை ஆகியவற்றை விசாரித்த பிறகே நேரத்தை முடிவு செய்கிறேன். பகலில் வர இயலாதவரை மாலையில் சந்திக்கிறேன்.

2. குழந்தைக்கு ஒரு பக்கம்: ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் மூன்று வரிகள். நன்றாகச் செய்யும் ஒன்று; உதவி தேவைப்படும் ஒன்று; பெற்றோரிடம் நான் கேட்க வேண்டிய ஒன்று. மூன்றாவது வரியே முக்கியமானது.

3. சான்று: மதிப்பெண்ணுக்குப் பதில் மாணவரின் நோட்டைக் காட்டுகிறேன். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கும், மூன்று மாதத்துக்கு முந்தைய கையெழுத்துக்கும் இன்றைய கையெழுத்துக்கும் உள்ள வேறுபாடு புரியும்.

4. இடம்: பொதுச் செய்திகளை எல்லோருக்கும் சொல்லலாம். குறைகளைத் தனியாக, பெற்றோரை நாற்காலியில் அமர வைத்து, முதலில் நல்லதைச் சொல்லிப் பேசுகிறேன்.

5. தொடர்ச்சி: வீட்டில் செய்யக்கூடிய ஒரே ஒரு வேலையை இருவரும் பேசி முடிவு செய்து தேதியுடன் குறிக்கிறேன். அடுத்த கூட்டம் அந்தக் குறிப்பிலிருந்தே தொடங்கும்.

நாற்பது குழந்தைகளுக்கு இதெல்லாம் முடியுமா என்று தோன்றலாம். ஒரு நாளைக்கு எட்டுப் பேர் எனப் பிரித்தால் ஐந்து நாளில் முடியும்.

அந்தத் தம்பியை அங்கன்வாடியில் சேர்த்தோம். மாணவியின் விடுப்பு குறைந்தது, முற்றிலும் நிற்கவில்லை. கணக்கு வகுப்பில் பருத்திக் கூலியை எடுத்துக்காட்டாக்கியபோது முதலில் கை தூக்கியவள் அவள்தான். அடுத்த கூட்டத்துக்கு அவள் தாய் அழைக்காமலே வந்தார். கூட்டம் முடிந்தும் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்.