மாட வீதி வாழைப்பூ, வீட்டில் உசிலி

ஆழ்வார்பேட்டைக்காரர்கள் நாட்டுக் காய் வாங்க மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக்கே போகலாம். வாழைப்பூ, வாழைத்தண்டு, பச்சைச் சுண்டைக்காய் எல்லாம் அங்கே கிடைக்கும். காலையிலேயே போய்விடுங்கள். பங்குனியில் கபாலீஸ்வரர் தேர், அறுபத்துமூவர் நாட்களில் மட்டும் அந்தப் பக்கம் காய் வாங்கப் போக வேண்டாம். நிற்கக்கூட இடம் இருக்காது.

வாழைப்பூவைக் கையில் தூக்கிப் பாருங்கள். கனமாக, மேல் மடல் இறுக மூடி மினுமினுப்பாக இருக்க வேண்டும். மடல் விரிந்து காம்பு கறுத்திருந்தால் வைத்துவிடுங்கள்.

கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு ஆய்ந்தால் கறை ஒட்டாது. ஒவ்வொரு பூவுக்குள்ளும் தலை தடித்து நிற்கும் கள்ளனையும், அடியில் கண்ணாடி மாதிரி இருக்கும் செதிலையும் எடுத்தே ஆக வேண்டும். இரண்டும் வேகாது. பொறுமை வேண்டிய வேலைதான், ஆனால் ருசி முழுக்க இதில்தான் இருக்கிறது. நறுக்க நறுக்க நீர்மோரில் போடுங்கள். கறுக்காது, துவர்ப்பும் குறையும்.

உசிலிக்கு, ஒரு பூவுக்கு அரை கப் துவரம்பருப்பு, கால் கப் கடலைப்பருப்பு. 1 மணி நேரம் ஊறவைத்து, நீரை ஒட்ட வடித்து, 5 காய்ந்த மிளகாய், பெருங்காயம், உப்புடன் கொரகொரப்பாக அரைத்து இட்லித் தட்டில் வேகவையுங்கள். நன்றாக ஆறிய பிறகே உதிர்க்கவும். சூட்டோடு உதிர்த்தால் கட்டி கட்டியாகிவிடும். கடுகு, கறிவேப்பிலை தாளித்துப் பருப்பைப் பொலபொலவென்று வரும்வரை பிரட்டி, வேகவைத்துப் பிழிந்த பூவைச் சேருங்கள். எண்ணெயில் கஞ்சத்தனம் கூடாது. சோற்றில் பிசைந்து சாப்பிட மோர்க்குழம்பு வையுங்கள்.