பழைய செயலியின் சான்று

பழநி மலைத்தொடரில், கொடைக்கானலில் அமைந்த ஞாயிற்று ஆய்வகம் 1899ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. 1904 முதல் அங்கு எடுக்கப்பெற்ற கதிரவன் படங்கள் இன்று எண்வடிவம் பெற்றுக் கணிப்பொறியால் அளக்கப்படுகின்றன. கதிரவனிற் காணும் கரும்புள்ளியின் பரப்பறியப் பெருக்கலும் வகுத்தலும் வேண்டும். கணிப்பொறியே வகுத்தலிற் பிழைசெய்யின், அதனை எவ்வாறு அறிவோம்? 1994ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று இவ்வினாவிற்கு விடை தருகின்றது.

கணிப்பொறியின் மூளை எனத்தக்க செயலி, 'கூட்டு', 'வகு' என்பன போன்ற ஆணைகளை மட்டுமே அறியும். மொழிக்கு இலக்கணம் எவ்வாறோ, செயலிக்கு ஆணைத்தொகுதி அவ்வாறாம். இன்டெல் நிறுவனம் 1978இல் வெளியிட்ட 8086 செயலியின் ஆணைகளை அதன் வழிவந்த 386, 486, பென்டியம் ஆகியனவும் ஏற்றன. எனவே பழைய நிரல்கள் புதிய செயலியிலும் இயங்கின. இதனை ஆணைப் பொருத்தம் எனலாம்.

ஆயினும், ஆணையைப் புரிந்துகொள்வது வேறு. சரியாக நிறைவேற்றுவது வேறு. தொடக்ககால 386 செயலிகளுட் சில 32 பிட் பெருக்கலில் தவறின. அவை '16 பிட் மென்பொருளுக்கு மட்டும்' என்னும் முத்திரையுடன் விற்கப்பெற்றன.

1994இல் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழ் மதிப்புகளைக் கணித்துவந்தார். புதிய பென்டியம் தந்த விடை பொருந்தவில்லை. பழைய 486 செயலியோ சரியான விடை தந்தது. 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.33382 வரவேண்டும், பிழையுற்ற பென்டியம் 1.33373 என்றது. செயலியினுள் பொறிக்கப்பெற்ற 1066 மதிப்புகள் கொண்ட வகுத்தல் அட்டவணையில் ஐந்து மதிப்புகள் விடுபட்டமையே காரணம். பொதுப் பயனாளர்க்கு 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறையே இப்பிழை நேரும் என்று நிறுவனம் முதலிற் கூறியது. எதிர்ப்பு வலுக்கவே, அவ்வாண்டு திசம்பரில், கேட்போர்க்கெல்லாம் செயலியை மாற்றித்தர இசைந்தது; 47.5 கோடி டாலர் செலவை ஏற்றது.

நாம் இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஆணைப் பொருத்தம் இருந்தமையாலன்றோ ஒரே நிரலை இரு செயலிகளிலும் இயக்கி ஒப்பிட முடிந்தது! பழையது புதியதற்குச் சான்றாய் நின்றது. பழைய கருவி வீசப்பட்டிருப்பின் பிழை மறைந்தே இருந்திருக்கும். கொடைக்கானலின் பழைய ஒளிப்படத் தட்டுகளைக் காத்தலும் இதன்பொருட்டே. கணிப்பிற் பிழை நேரினும், மூலம் இருந்தால் மீண்டும் அளக்கலாம். பொறி தரும் விடையை மாணவர் மற்றொரு வழியிலும் சரிபார்த்தல் வேண்டும். மூலத்தைப் பேணுதல் வேண்டும். ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடங்கண்ட தமிழ்ப் பதிப்பாசிரியர்கள் நமக்குக் காட்டிய நெறியும் இதுவேயாம்.